பெரியத்தான் கேட்காமல் விட்ட கேள்வி

1

போன கிழமை தலையிடிக்கு ஒரு பெட்டி குளிசை வாங்கினேன். ஊரில் என்றால் கடைக்காரர் பழைய பேப்பரைக் கிழித்து இரண்டு குளிசையைச் சுற்றித் தருவார், அதோடு விஷயம் முடிந்துவிடும். இங்கே இப்போதெல்லாம் பெட்டியைத் திறந்தால் குளிசைக்கு முதல் ஒரு கடதாசிதான் வெளியே வருகிறது. விரித்தால் சாப்பாட்டு மேசையின் பாதியை மூடிவிடும். திரும்ப மடித்து உள்ளே வைக்க மனிதப் பிறவியால் ஏலாது. தலையிடி இல்லாதவர்களுக்கும் அந்த எழுத்தை வாசித்தால் வந்துவிடும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். நடுவில் ஒரு கேள்வி இருந்தது. நீங்கள் கர்ப்பமாக இருக்கிறீர்களா, அல்லது இருக்கலாம் என்று நினைக்கிறீர்களா? அப்படியென்றால் இதை எடுக்கும் முன் டொக்டரிடமோ கெமிஸ்டிடமோ கேளுங்கள் என்று போட்டிருந்தது. எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசுகிற வயதில் என்னைப் பார்த்து ஒரு கடதாசி இதைக் கேட்கிறது. வெட்கம், மானம், ஆள் அடையாளம் ஒன்றும் பாராமல் எல்லாரிடமும் கேட்கிறது. நான் தனியாக இருந்து சிரித்தேன்.

சிரித்து முடிய ஒரு ஆத்திரம் வந்தது. இதே லண்டனில் ஒரு டொக்டர் இதே கேள்வியை ஒருநாள் என்னிடம் கேட்டார். கேள்வி என் காதுக்கு வந்து சேரவில்லை. நடுவில் ஒரு மரியாதையான மனிதர் நின்றார்.

லண்டனில் மருந்துக்கு என்ன குறை, எல்லாம் அரசாங்கம் பார்க்கும் என்று ஊரில் இருந்து கடிதத்துக்குக் கடிதம் எழுதுகிறீர்களே, அதனால் உங்களுக்கு இதைச் சொல்லுகிறேன்.

2

எண்பதுகளின் நடுவில், கலியாணம் முடித்த கையோடு லண்டனில் ஈஸ்ட் ஹாமுக்கு வந்து சேர்ந்தேன். என் கணவர் சிவநேசனுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை. பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட், வரவேண்டியவன் வராமல் விட்ட ஷிப்ட் என்று அவருக்கு மூன்று ஷிப்ட். நாங்கள் அவருடைய அண்ணர் குலசேகரம் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் ஒரு அறையில் இருந்தோம். அண்ணரை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். அவருடைய மனைவியும் மகன் ரமணனும் அப்போது ஊரில் இருந்தார்கள். மற்ற அறைகளில் புதிதாக வந்து இறங்கிய பெடியள் இருந்தார்கள். அவர்களின் எண்ணிக்கை ஹீத்ரோவில் இறங்கும் பிளேனைப் பொறுத்து மாறும்.

என் மாமனார், காலஞ்சென்றவர், ஊரில் அப்போதிக்கரியாக இருந்தவர். அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டர் இல்லாத நேரத்தில் டொக்டர். அந்த ஞானம் முழுவதும் தனக்குள் இறங்கிவிட்டது என்று பெரியத்தான் உறுதியாக நம்பினார். என் கணவரும் அதே தகப்பனுக்குப் பிறந்தவர்தான். ஆனால் வைத்தியம் மூத்த மகனோடு நின்றுபோய்விட்டது. பெரியத்தான் அப்போது ஒரு கார் தரிப்பிடத்தில் சீட்டுக் கொடுக்கும் வேலை செய்தார். மாலையில் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியதும் அவருடைய டிஸ்பென்சரி திறக்கும்.

டிஸ்பென்சரி என்பது பிரிஜ்ஜுக்கு மேலே இருந்த ஒரு பிஸ்கட் தகரப் பேணி. மூடியில் குதிரைவண்டிப் படம். யாருக்கு எந்த டொக்டர் எந்த மருந்து கொடுத்தாலும் இரண்டு நாளில் சுகம் வந்தால் மிச்சக் குளிசை அந்தப் பேணிக்குள் போய்விடும். அது எங்கள் வீட்டுச் சட்டம். கொழும்பில் இருந்து வந்தது, ஜெர்மனியில் இருந்து வந்தது, பெயர் இருந்த பக்கம் வெட்டுப்பட்டது, பெயரே இல்லாமல் பொலித்தீனில் சுற்றியது எல்லாம் உள்ளே சமமாக இருந்தன. பெரியத்தான் நிறத்தைப் பார்த்து எடுப்பார்.

"லண்டன் டொக்டர்மார் ஒரு கிழமைக்குத் தருவினம். அது வெள்ளைக்காரன்ரை உடம்புக்கு. எங்களுக்கு மூண்டு நாள் காணும்," என்பார். லண்டனின் மறுமுனையில், நோர்பரியில் இருந்துகூட ஆட்கள் போன் பண்ணி ஆலோசனை கேட்பார்கள். எனக்கும் அவரில் மரியாதைதான் இருந்தது. புது ஊரில் எல்லாவற்றையும் தெரிந்த ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருப்பது பெரிய ஆறுதல்.

3

முதல் குளிர்காலம் என்னைப் போட்டு அடித்தது. அறைச் சுவரில் பூஞ்சணம், நெஞ்சில் சளி. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன், கொதிநீர் ஆவியில் வேது பிடித்தேன், ஒன்றுக்கும் அசையவில்லை. இருமி இருமி விலா எலும்பு நொந்தது. கடைசியில் டொக்டரிடம் போவது என்று முடிவானது. கணவருக்கு ஷிப்ட். ஆகவே பெரியத்தான் வேலைக்கு லீவு சொல்லி, கோட்டும் சூட்டும் போட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

நான் ஊரில் ஆங்கிலம் நல்ல பாஸ். கட்டுரைகூட எழுதுவேன். ஆனால் அந்த டொக்டர் உதட்டை அசைக்காமல், மூக்குக்குள்ளால், அரைவாசிச் சொல்லை விழுங்கி விழுங்கிப் பேசினார். அதையும் என்னைப் பார்த்துப் பேசவில்லை. கோட்டுப் போட்டவரைப் பார்த்துத்தான் பேசினார். பெரியத்தானும் என்னைக் கேட்காமலே நான் எத்தனை நாளாக இருமுகிறேன், என்ன நிறத்தில் சளி என்றெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியில் இருந்து நேரத்துக்கு நேரம் இருமிச் சாட்சி சொன்னேன்.

ஒரு இடத்தில் டொக்டர் பேனையை நிறுத்தி ஏதோ கேட்டார். பெரியத்தானின் காதுமடல் சிவந்தது. "நோ, நோ," என்றார் அவசரமாக.

"என்னவாம் பெரியத்தான்?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. வீட்டிலை எல்லாரும் சுகமோ எண்டு கேக்கிறார்."

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. முன்பின் தெரியாத மனிதர், கடல் கடந்து வந்தவளின் வீட்டாரை விசாரிக்கிறார். அவரைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, "யெஸ் டொக்டர், யெஸ், தாங்க்யூ," என்றேன்.

டொக்டர் பெரியத்தானைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒருவர் இல்லை என்கிறார், மற்றவர் ஓம் என்று நன்றியும் சொல்கிறார். மறுபடி கேட்டார். பெரியத்தான் இந்த முறை "நோ" என்றதோடு கையையும் விசிறினார். டொக்டர் தோளைக் குலுக்கிவிட்டு மருந்துத் துண்டை எழுதினார். டெட்ராசைக்கிளின், ஒரு கிழமைக்கு.

எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது உண்மைதான். குளிருக்கு எல்லாம் தள்ளித்தான் போகும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாதம் பஸ்கூட நேரத்துக்கு வரவில்லை. அப்படியே சந்தேகம் வந்திருந்தாலும் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறதே. முழுகாமல் இருக்கிறாள் என்பதை மூன்று மாதம் கழியும்வரை வெளியே விடக்கூடாது, நாவூறு படும். நல்ல வழக்கம்தான். பிள்ளைக்கு எந்த மூன்று மாதத்தில் ஊறு அதிகமோ, அந்த மூன்று மாதமும் மருந்து தருகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாமல் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம்.

4

ஒரு கிழமையில் இருமல் பாதி குறைந்தது. எல்லாருக்கும் ஒரு கிழமையை மூன்று நாளாக்கிக் குறைக்கிற பெரியத்தான் எனக்கு மட்டும் கூட்டினார். "சளி வேரோடை போகவேணும்," என்று பேணியைத் திறந்து அதே நிறக் குளிசை இன்னொரு கிழமைக்கு எடுத்துத் தந்தார். நான் விழுங்கினேன். நாலைந்து நாளில் காலையில் சத்தி தொடங்கியது, குடித்த தேத்தண்ணிகூட வெளியே வந்தது.

"பாத்தியோ, குளிசை வேலை செய்யுது," என்றார்.

சத்தி நிற்கவில்லை. அதற்கு ஏதாவது வாங்குவோம் என்று ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் இருந்த கெமிஸ்டுக்குத் தனியே போனேன். கவுண்டரில் ஒரு குஜராத்திப் பெண் இருந்தாள். கென்யாவில் இருந்து வந்தவள், சேலைக்கு மேலே கம்பளிச் சட்டை, பெயர் நீலா பென் என்று பிறகு தெரிந்தது. அவளுடைய ஆங்கிலம் சொல் சொல்லாக, கழுவி அடுக்கிய கோப்பைகள் மாதிரி வந்தது. யாருக்கு மருந்து? எனக்கு. எப்போது சத்தி? காலையில். வேறு மருந்து எடுக்கிறாயா? ஓம். அதன்பிறகு, மூன்று பேர் வரிசையில் நிற்க, குரலைக்கூடக் குறைக்காமல், நீ கர்ப்பமாக இருக்கலாமா என்று கேட்டாள்.

பின்னால் நிற்பவர்களில் ஒரு தமிழ் முகம் இருக்கக்கூடாதே என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. "இருக்கலாம்," என்றேன். கணவருக்கே இன்னும் சொல்லாத ஒன்றை முதன்முதல் ஒரு கடைக்காரியிடம் சொல்லி முடித்தேன்.

எடுக்கிற மருந்தைக் காட்டு என்றாள். கைப்பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். அவளுடைய முகம் மாறியது. அதைத் திரும்பத் தராமல் கவுண்டருக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு, இனி வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டேன். தன் முன்பல்லை நகத்தால் தட்டிக் காட்டினாள். நான் என் பல்லைத் தொட்டேன். இல்லை என்று தலையாட்டி, விரலை என் வயிற்றுக்கு நேரே நீட்டினாள்.

எத்தனை குளிசை எடுத்தாய், எப்போது தொடங்கினாய் என்று டொக்டரிடம் இன்றைக்கே போய்ச் சொல்லு, வீட்டில் இருந்து நீங்களாக ஒன்றையும் முடிவெடுக்காதே என்று இரண்டு தரம் சொன்னாள். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தேன். அழுகையைக் கண்டவர்கள் குளிருக்குக் கண்ணீர் வருகிறது என்று நினைத்திருப்பார்கள், லண்டனில் அந்த ஒரு வசதி இருக்கிறது.

இந்த முறை கணவர் ஷிப்டை விட்டுவிட்டு வந்தார். சோதித்துப் பார்த்து, ஓம், பிள்ளைதான் என்றார்கள். அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. டொக்டர் கணவரிடம் நீளமாகப் பேசினார். வெளியே வந்ததும் கணவர் சொன்னார்.

"பயப்பிடாதையும். உந்த நேரத்திலை பிள்ளைக்குப் பல்லு உருவாகத் தொடங்கேல்லையாம். நாலு மாதத்துக்குப் பிறகு எடுத்தால்தான் பல்லு மஞ்சளாகிறது, எலும்பிலை ஏறுறது எல்லாமாம். ஒண்டும் நடக்காது எண்டுதான் நினைக்கிறாராம். இனிமேல் தொடக்கூடாதாம்."

"உந்தக் குளிசையைத் தந்தது அவர்தானே? ஏன் தந்தவராம்?"

கணவர் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே நடந்தார். "அவர் கேட்டவராம். பிள்ளைத்தாய்ச்சியோ எண்டு ரெண்டு தரம் கேட்டவராம். கூட வந்தவர் இல்லை எண்டவராம்."

வீட்டில் எல்லாரும் சுகமா என்று அந்த நல்ல மனிதர் விசாரித்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நடுவழியில் நின்றுவிட்டேன்.

"இஞ்சருங்கோ, இப்ப ஒண்டும் நடக்காது எண்டு அவர் உண்மையா சொன்னவரோ? இல்லாட்டி இதுவும் வீட்டிலை எல்லாரும் சுகமோ மாதிரியோ?"

"விசர்க்கதை கதையாதையும். சத்தியமா அப்பிடித்தான் சொன்னவர்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணையிட்டை உதைக் கேக்காதையும். பாவம், அவருக்கு எவ்வளவு கூச்சமா இருந்திருக்கும்," என்றார்.

கூச்சம் அவருக்கு. பிள்ளை எனக்கு.

5

எனக்கு அதன்பிறகு யார் மொழிபெயர்த்ததிலும் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. கணவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் நான் பயப்படுவேன் என்று பாதியை விழுங்கியிருக்கலாம், அண்ணரைக் காப்பாற்ற மீதியை விழுங்கியிருக்கலாம். டொக்டர் உண்மையில் என்ன சொன்னார் என்பது எனக்கும் அவருக்கும் நடுவில் எங்கேயோ விழுந்து கிடந்தது. இரவு பகலாக ஒரே யோசனை. பிள்ளையின் கை, கால், எலும்பு, பல் என்று உறுப்பு உறுப்பாகப் பயந்தேன்.

கவுன்சில் நடத்திய ஆங்கில வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். ஏன் ஆங்கிலம் படிக்க வந்தீர்கள் என்று டீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டாள். சாமான் வாங்க, வேலை தேட, பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் பேச என்று மற்றவர்கள் சொன்னார்கள். டொக்டர் கேட்கிற கேள்விக்கு நானே பதில் சொல்ல என்றேன். நல்ல பதில் என்று டீச்சர் கைதட்டினாள்.

அதற்குள் நான் மறுபக்கத்துக்குப் பாய்ந்துவிட்டேன். ஒரு குளிசையையும் வாயில் வைப்பதில்லை என்று சபதம். கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசையை வாங்கி வந்து பின்வளவில் நின்ற ரோசாச்செடியின் அடியில் புதைத்தேன். அந்த வருஷம் ரோசா அடுக்கடுக்காகப் பூத்தது. எனக்கு இரத்தம் இல்லை என்று கிளினிக்கில் ஏச்சு விழுந்தது. முகம் வெளிறி நீலா பென்னிடம் போய் நின்றேன். முழுக் கதையையும் என் புது ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கேட்காமல் எடுப்பதும் பிழை, கேட்காமல் விடுவதும் பிழை, இரண்டும் ஒரே பிழைதான் என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு நான் தலைவலியாகிவிட்டேன். எதை வாயில் வைக்கவும் முதலில் அவளிடம் கொண்டுபோவேன். அம்மா ஊரில் இருந்து யாரிடமோ கொடுத்துவிட்ட சூரணப் பொட்டலத்தைக்கூட எடுத்துப் போனேன். முகர்ந்து பார்த்தாள், தும்மினாள். இது என்னவென்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். அம்மாவுக்குத் தெரியும் என்றேன். அப்படியென்றால் அம்மாவே சாப்பிடட்டும் என்று மடித்துத் தந்தாள்.

டொக்டரிடமும் பிறகு நானே போனேன். வகுப்பில் எழுதிப் பாடமாக்கிய வசனத்தைக் கேட்டேன். அவர் அந்த விழுங்கல் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். கணவர் சொன்னதுதான், ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அவரும் "நினைக்கிறேன்" என்றுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் மிச்ச மாதங்களையும் பயந்து கழித்தேன்.

தர்சினி பிறந்தாள். கை கால் எல்லாம் சரியாக இருந்தது. தாதி துணியில் சுற்றிக் கையில் தந்ததும் நான் முதலில் செய்தது அவளுடைய வாயை விரலால் திறந்து பார்த்ததுதான். ரோசா நிறத்தில், பல் முளைக்காத வெறும் முரசு. அங்கே எனக்கு என்ன தெரியப்போகிறது? இனிப் பல் வரும்வரை பார்த்திருக்க வேண்டியதுதான்.

6

பல் வரவில்லை. ஆறு மாதம் போனது, ஏழு, எட்டு. மற்ற வீட்டுப் பிள்ளைகள் ரஸ்க்கைக் கடித்துத் தின்றார்கள். பிந்திப் பல் வந்தால் அதிர்ஷ்டம் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் மட்டும் நாள்தோறும் அவளுடைய முரசைத் தடவிப் பார்த்தேன். அதற்குள் நாங்கள் பிளேஸ்டோவில் வேறு வீட்டுக்குப் போயிருந்தோம். ஒருநாள் பால் கொடுக்கும்போது சுருக்கென்று கடித்தாள். ஐயோ என்று கத்தி, அடுத்த நிமிஷம் அவளை ஜன்னலடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கீழ் முரசில் அரிசிக் குறுணி அளவு ஒரு பல். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளை. சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தேன். வெள்ளைதான். நிலத்தில் இருந்து ஒப்பாரி வைத்து அழுதேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி சுவரில் தட்டினாள்.

ஊர் முறைப்படி பல்லுக்கொழுக்கட்டை வைத்தோம். பிள்ளையை வெள்ளைத்துணியில் இருத்தி, தலையில் கொழுக்கட்டை சொரிந்து, முன்னால் புத்தகம், பேனை, சங்கிலி, அரிசி என்று பரப்பிவைத்து எதைத் தொடுகிறது என்று பார்க்கிற சடங்கு. தொட்டதைப் பொறுத்து எதிர்காலம். அறை நிறையச் சனம். கொழுக்கட்டை தர்சினியின் தலையில் இருந்து உருண்டு சோபாவுக்குக் கீழே போனது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். நானும் பல மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்போது பெரியத்தான் கோட்டுப் பையில் இருந்து ஒரு குளிசைப் போத்தலை எடுத்துப் பேனைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எங்கடை அப்பாவின்ரை பரம்பரையிலை ஒரு டொக்டர் வரவேணும்," என்றார்.

பேணியில் இருந்து கொண்டுவந்தது. உள்ளே குளிசை கிலுகிலுத்தது. கிலுகிலுக்கிறதை விட்டு எந்தப் பிள்ளை பேனையைத் தொடும்? தர்சினி நேரே தவழ்ந்து போய்ப் போத்தலைத் தூக்கினாள். சனம் கைதட்டியது. "டொக்டர், டொக்டர்!" என்று கத்தினார்கள். அவள் போத்தலின் மூடியைத் தன் ஒற்றைப் பல்லால் கடித்தாள்.

நான் எப்படிப் பாய்ந்தேன் என்று எனக்கே தெரியாது. போத்தலைப் பறித்துச் சுவரில் எறிந்தேன்.

"வயித்துக்குள்ளை இருக்கேக்கை குடுத்தது காணாதோ பெரியத்தான்? இப்ப வெளியிலை வந்த பிறகும் குடுக்கவேணுமோ?"

தர்சினி வீரிட்டு அழுதாள். அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினேன். டொக்டர் கேட்டது, அவர் இல்லை என்றது, பேணிக் குளிசை, நீலா பென்னின் பல், நான் தூங்காத இரவுகள். மாமன் மச்சான் முன்னால் சொல்லக்கூடாத சொல்லெல்லாம் வந்தது. நாள் தள்ளிப்போனதையும் சொன்னேன்.

பெரியத்தான் இருந்தபடியே, காலடிக்கு உருண்டு வந்த போத்தலைக் கையில் எடுத்தார். கடைசியில், "நான் எப்பிடிப் பிள்ளை கேக்கிறது?" என்றார். "தம்பியின்ரை மனுசியிட்டை ஒரு ஆம்பிளை உதைக் கேக்கலாமோ? சொல்லு பாப்பம்."

அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் அவருக்காக உச்சுக்கொட்டினார்கள். "ஓம் தானே, பாவம் அந்த மனுசன்," என்றாள் ஒருத்தி. "அதுக்காக இப்பிடிச் சபையிலை வைச்சுக் கேக்கலாமோ?" என்றாள் இன்னொருத்தி. என் பக்கம் பேச ஒருத்தரும் இல்லை. பிள்ளையின் பல்லைப் பற்றி ஒருத்தரும் கேட்கவும் இல்லை. அவர் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு, கொழுக்கட்டை தின்னாமலே போய்விட்டார்.

7

பிறகு கலியாண வீடு, செத்த வீடுகளில் சந்திப்போம். "சுகமோ பிள்ளை?" என்பார். "சுகம் பெரியத்தான்," என்பேன். அதைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. அவருடைய மனைவியும் ரமணனும் லண்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். பேணி என்னவானது என்று நான் விசாரிக்கவில்லை.

தர்சினி இப்போது ஹை ஸ்கூலில் படிக்கிறாள். தமிழ் ஞாயிற்றுக்கிழமை மட்டும். பால்பல் விழுந்து மற்றப் பல் முளைத்தபோதும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை, ஒன்று மட்டும் கொஞ்சம் கோணல். அது என் பக்கத்துப் பரம்பரை, மருந்தில் பழி போட ஏலாது. பல் டொக்டர் அருமையான பற்கள் என்று சொன்ன பிறகும் என் கண் அங்கேதான் போகும். அவள் வாயைத் திறந்து கொட்டாவி விட்டால் நான் எட்டிப் பார்ப்பேன். "அம்மா, யூ ஆர் ஸோ வியர்ட். ஏன் எப்பவும் பல்லைப் பாக்கிறியள்?" என்பாள். தன் தாய்க்குப் பல் பைத்தியம் என்று சிநேகிதிகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். காரணத்தை நான் சொன்னதில்லை. வயிற்றுக்குள் இருக்கும்போது நடந்ததைச் சொல்லி அவளை ஏன் பயமுறுத்துவான்?

அந்தக் கடதாசியை வாசித்துச் சிரித்த அதே கிழமை பெரியத்தான் போன் பண்ணினார். வருஷக்கணக்கில் அவர் எனக்கு நேரே போன் பண்ணியதில்லை. ரமணனுக்குப் புதிதாகக் கலியாணம் முடிந்து, பெண் கலா ஊரில் இருந்து வந்து சில மாதம்தான். அவளுக்குச் சுகமில்லையாம். காய்ச்சலும் அடிவயிற்று நோவுமாம். ரமணனுக்கு ஷிப்டாம்.

"உன்ரை பெட்டையை ஒருக்கா அனுப்பிவிடு பிள்ளை. டொக்டரிட்டைக் கதைக்க ஆள் வேணும்."

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்தானே பெரியத்தான்?" என்றேன். குத்திக் கேட்டதுதான், மறைப்பானேன்.

"எனக்கு எல்லாத்தையும் கேக்க ஏலாது. அவள் கேப்பாள்," என்றார்.

பள்ளிக்கூடம் விட்டதும் தர்சினி அந்த வழியே போனாள். பின்னேரம் வந்து பையை எறிந்துவிட்டு, பசிக்கிறது என்று பிரிஜ்ஜைத் திறந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"டொக்டர் என்ன கேட்டவர்?"

"நிறையக் கேட்டார். எப்பத் தொடக்கம் காய்ச்சல், அலர்ஜி இருக்கா. எழுதி முடிச்ச பிறகுதான், அண்ணிக்கு பேபி இருக்கலாமா எண்டு கேட்டார்."

"நீ என்ன செய்தனி?"

"நான் அண்ணியிட்டைக் கேட்டன். 'அண்ணி, உங்கடை வயித்துக்குள்ளை பேபி இருக்கா?' எண்டு. அண்ணி ரெட்டாப் போயிட்டா. ஏன் அம்மா? இட்ஸ் ஜஸ்ட் எ குவெஸ்சன்."

"அவ என்ன சொன்னவ?"

"முதல் ஒண்டும் சொல்லேல்லை. நான் திருப்பிக் கேட்டன். பிறகு ஓம் எண்டு தலையாட்டினா. ஒருத்தருக்கும் சொல்லேல்லையாம், மூண்டு மாசம் சொல்லக்கூடாதாம். டொக்டர் எழுதின பேப்பரைக் கிழிச்சுப் போட்டு வேறை மருந்து எழுதித் தந்தார்."

பாண் துண்டில் ஜாம் பூசிக்கொண்டிருந்த அவளுடைய கையையே பார்த்தேன்.

"பெரியப்பா எங்கை நிண்டவர்?"

"வெளியிலை. உள்ளை வரமாட்டன் எண்டிட்டார். ஆனா போக முதல் என்ரை கையைப் பிடிச்சார். 'டொக்டர் கேக்கிறதை அப்பிடியே கேள், ஒண்டையும் விடாதை, வெக்கம் பாக்காதை' எண்டு. மூண்டு நாலு தரம் சொன்னார்."

பிறகு ஜாமை நக்கிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்: "'உன்ரை கொம்மாவிட்டை நான் கேக்காமல் விட்டிட்டன்' எண்டும் சொன்னார். ஹீ வாஸ் கிரையிங், ஐ திங்க்."

இத்தனை வருஷத்தில் நடுவில் ஒருவர் நின்று கொண்டுவந்து தந்த சொல்லை நான் அப்படியே நம்பியது அன்றைக்குத்தான். கண் நிறைந்துவிட்டது. அவள் பாணைக் கடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா? பெரியப்பா உங்களிட்டை என்னத்தைக் கேக்கேல்லை?"

"சொல்லுறன், இரு," என்றேன். "முதல் ஆவெண்டு வாயைத் திற."

கண்ணைச் சுழற்றிக்கொண்டு திறந்தாள்.